நாலு மணிப் புகை

என் அன்பான செல்வி அப்பாவுக்கு,

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, இப்போதுதான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதுகிறேன். அப்போதெல்லாம் எழுத என்ன அவசியம்? காலையில் எஸ்டேட்டில் ரப்பர் சீட்டு உலர்த்தும் புகைக்கூட்டுக்குப் போவீர்கள், நாலு மணிக்குத் திரும்பி வருவீர்கள். கறியில் உப்புக் குறைந்ததைத் தவிர நமக்குள் வேறு என்ன வழக்கு இருந்தது?

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கலாமா? இருக்கிற இடமே தெரியாத ஆளை எப்படி விசாரிப்பது? என் சேதியையே சொல்கிறேன். நம் ஊர் பாலிங்கில் ஒரு வாரமாக மழை. முன்கூரை ஒழுகுகிறது. நீங்கள் அடியில் வைத்த பெயிண்டு டின்னைத்தான் இன்னமும் வைத்துக்கொண்டிருக்கிறேன். முட்டிவலிக்கு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நம் செல்வி நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. அதை அப்படியே எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம்.

ஊரையே பூட்டிவைத்த அந்தக் காய்ச்சல் நம் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் வந்தது. உங்களை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். என்னை வாசல் வரைக்கும்கூட வர விடவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். உங்களைத் தகனம் செய்ததை மாப்பிள்ளை குமரனின் கைப்பேசியில்தான் பார்த்தேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய நாலு பேர், ஒரு பெட்டி. அதற்குள் இருப்பது நீங்கள்தான் என்று சொன்னார்கள். சரி என்று அழுதேன்.

அழுது முடித்து உங்கள் கைலியை எடுத்து முகத்தில் வைத்தேன். ஒன்றுமே வரவில்லை. துவைத்த துணி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வெங்காயம் நறுக்கினேன். கண் எரிந்தது, தண்ணீர் கொட்டியது, வாசம் மட்டும் இல்லை. அப்போதுதான் தெரிந்தது, அந்தக் காய்ச்சல் இந்த வீட்டிலிருந்து இரண்டு சாமான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, உங்களையும் என் மூக்கையும்.

மூக்கு போனால் என்ன பெரிய நஷ்டம் என்றுதான் நானும் இருந்தேன். வீடு வீடாகவே இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்; கண்ணால் பார்த்தால்தான் கொதிக்கிறது. குளித்தேனா இல்லையா என்று துண்டு ஈரமா என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது. சில நாளில் எனக்கே சந்தேகம் வரும், அந்தப் பெட்டியில் ஏற்றினது யாரை?

உங்களுக்குத் திதி கொடுத்து, வருஷம் திரும்பி, ஒரு சாயங்காலம். துணி மடித்துக்கொண்டிருந்தேன். சுவர்க்கடிகாரத்தில் நாலு மணி. வலது பக்கம், காதோரமாக, புகை வந்தது.

எந்தப் புகை என்று சொல்லவும் வேண்டுமா? ரப்பர் சீட்டை வரிசையாகத் தொங்கவிட்டு, அடியில் ரப்பர் விறகைப் போட்டு, தீ பிடிக்காமல் புகைய விடுவீர்களே, அந்தப் புகை. எஸ்டேட் ரப்பரை வெட்டிச் செம்பனைக்கு மாறி, புகைக்கூட்டை இடித்துத் தள்ளி, நீங்கள் ஏதோ ஒரு பேக்டரி வாசலில் காவல்காக்கும் ஜாகா வேலைக்கு உட்கார்ந்து பத்து வருஷம் ஆன பிறகும், மழை நாளில் உங்கள் முதுகில் அது வரும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத சனியன் என்று நான் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.

அடுப்பைப் பார்த்தேன், அணைந்திருந்தது. சாமி விளக்கு ஏற்றவே இல்லை. பின்வாசலில் யாரும் குப்பை கொளுத்தவில்லை. உள்ளே வந்தால் உங்கள் நாற்காலிப் பக்கம் வாசம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக எதுவுமே ஏறாத மூக்கில் இது ஒன்று மட்டும், பக்கத்தில் நிற்கிற ஆள் மாதிரி. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேரே போய்த் தேத்தண்ணி கலக்கினேன், பால் கூடுதல், சர்க்கரை இரண்டு கரண்டி. நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு வைத்தேன். பள்ளிவாசலில் அசார் பாங்கு முடிந்ததும் புகை போய்விட்டது. ஆறின தேத்தண்ணியை நானே குடித்தேன்.

மறுநாளும் வந்தீர்கள். அதற்கு மறுநாளும். நாலு மணிக்கு வந்து, பாங்கு முடிந்ததும் கிளம்பிவிடுவீர்கள். நான் தலை வாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு உட்காருவேன். ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லியே விடுகிறேன். நீங்கள் உயிரோடு வந்த நாலு மணிகளில் நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

செல்வியிடம் மூக்கு போனதைச் சொல்லியிருந்தேன், புகையைச் சொல்லவில்லை. கூலிமில் தன் வீட்டிலிருந்து வந்தவள் கெட்டுப்போன சாம்பாரை நான் சூடாக்கிக் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். அடுத்த வாரமே தன் காடியில் ஏற்றி, சுங்கை பட்டாணியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். நம் தமிழ்ப்பிள்ளைதான், செல்வி வயசு. அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியில் நானாகவே உளறிவிட்டேன்.

“ஆன்ட்டி, இல்லாத வாசம் ஏதாவது வருதா?”

“புகை வாசம் வருது.”

“எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

“வரும்போது வலது மூக்க விரலால அடைச்சிப் பாருங்க. நின்னா சொல்லுங்க.”

அன்றைக்கே வீட்டுக்கு வந்து, நாலு மணிக்கு, அடைத்துப் பார்த்தேன். நின்றுவிட்டது. விரலை எடுத்தேன், வந்தது. ஒரு விரலால் உங்களை வெளியே நிறுத்த முடிகிறதே!

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். “மூக்குலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு அந்தக் காய்ச்சல்ல அடிபட்டுப் போச்சி ஆன்ட்டி. இப்ப அது திரும்ப முளைக்குது. முளைக்கும்போது தப்பு தப்பா சேதி அனுப்பும். கண்ணு எரியிறது, மூக்கு காரமா குத்துறது, அதெல்லாம் வேற நரம்பு, அது உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. பயிற்சி செஞ்சா மத்த வாசமெல்லாம் மெதுவா வரும். எத்தன மாசம் ஆகும்னு சொல்ல முடியாது.”

“அந்தப் புகை?”

“அது போயிரும். அதுக்குத்தான் உப்புத்தண்ணி தரேன். வரும்போது குனிஞ்சி மூக்கக் கழுவிருங்க.”

பயிற்சி என்றால் வேறொன்றுமில்லை. நாலு சிறு போத்தல். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மெதுவாக முகர்ந்து, இது ரோஜா, இது எலுமிச்சை என்று பழைய வாசத்தை மனசில் கொண்டுவர வேண்டும். ஒன்றும் வராத மூக்கில் வைத்துக்கொண்டு ரோஜா ரோஜா என்று நினைத்துக்கொண்டிருப்பது எத்தனை அசட்டுத்தனம் என்று உங்களுக்குப் புரியும். நீங்கள் பார்த்திருந்தால், சாமியாடப் போகிறாயா என்று கேட்டிருப்பீர்கள்.

நான் செய்யவில்லை. மூக்கு முளைத்தால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று ஒரு படித்த பிள்ளை வாயாலேயே சொல்லிவிட்ட பிறகு, எந்தப் பெண்சாதி செய்வாள்? உப்புப் பொட்டலங்களை மேசை இழுப்பில் போட்டேன். நாலு போத்தலையும் சாமி மேடைக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கிவைத்தேன். செல்வி போனில், “பயிற்சி செஞ்சீங்களா மா?” என்று கேட்கும்போதெல்லாம், ஆச்சி ஆச்சி என்பேன். ஒரு நாள் அவள் சந்தோஷப்படட்டுமே என்று, “கிராம்பு வாசம் வந்துச்சி லா” என்றும் சொல்லிவைத்தேன். பிறகு எலுமிச்சையும் வந்தது, தைலமும் வந்தது. பொய்க்கு மட்டும் மூக்கு நன்றாக வேலை செய்தது.

இப்போது போன தீபாவளிக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் உங்களுக்குப் படையல். செல்வியும் குமரனும் காலையிலேயே வந்துவிட்டார்கள். ஆட்டுக்கறிப் பெரட்டல், கருவாட்டுக் குழம்பு, முறுக்கு, நீங்கள் குடிக்கிற கறுப்பு பீர் ஒரு போத்தல், புதுக் கைலி. படையல் சாப்பாட்டை நாம் ருசி பார்க்க மாட்டோம் அல்லவா, போனவர்களுக்கு முன்னால் யார் நாக்கும் படக்கூடாது. மூக்கால்தான் பதம் பார்ப்பது. நான் கரண்டியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, உப்புப் போதும் என்று தலையாட்டினேன். செல்வி நம்பினாள்.

உங்கள் அறையில்தான் இலை போட்டோம், ஜன்னல் பக்கம் உங்கள் படத்தை வைத்து. சாம்பிராணி காட்டி, விளக்கை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் முன்வாசலுக்கு வந்தோம். நீங்கள் வந்து சாப்பிட வேண்டும். ஆள் இருந்தால் வர மாட்டீர்கள். போனவர்கள் சாப்பிடுவது வாசத்தைத்தான் என்று சின்ன வயசில் எல்லோரும் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். நீங்கள் வாசத்தை மட்டும் சாப்பிடுகிறீர்கள், நான் வாசத்தைத் தவிர மற்றதெல்லாம் சாப்பிடுகிறேன், நல்ல ஜோடி என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். வழக்கமாக ஐந்து நிமிஷம். பிறகு கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவோம்.

நாலு மணி ஆகிக்கொண்டிருந்தது. குமரன்தான் முதலில் மூக்கை உறிஞ்சினார்.

“அத்தை, புகை வாசம் வருது.”

“சாம்பிராணி லா,” என்றாள் செல்வி.

“சாம்பிராணி மாரி இல்ல. என்னமோ எரியிற மாரி.”

செல்வியும் முகர்ந்தாள். “ஆமா மா. அப்பா மேல வருமே...”

என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாளும் எனக்கு மட்டும் வந்த புகை, இப்போது அவர்களுக்கும் வருகிறது. அந்த நிமிஷம் எனக்கு உங்களைப் பெட்டியில் வைத்து எரித்ததே பொய்யாகிப் போனது. நான் ஓடிப்போய் உங்கள் அறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

“தொறக்காதீங்க. அவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு.”

“என்னம்மா பேசுறீங்க? தள்ளுங்க.”

“இன்னும் கொஞ்ச நேரம். ஒரே நிமிஷம் செல்வி.”

இதற்கு மேல் எழுதப் போவதைச் செல்வியிடம் சொல்லவில்லை. குமரனிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். கதவில் சாய்ந்து நின்றபோது என் கண் எரிந்தது. நீங்கள் வந்த அத்தனை சாயங்காலங்களிலும் என் கண் ஒரு நாளும் எரிந்ததில்லை. கண் வேறு நரம்பு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அது எனக்கு நினைவு வந்தது. முதுகில் கதவு சுட்டது, அதுவும் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் இன்னும் ஒரு நிமிஷம் என்றேன்.

செல்வி என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். விளக்கிலிருந்து புதுக் கைலி பற்றி, கைலியிலிருந்து ஜன்னல் திரை பற்றி, அறை நிறையப் புகை. அவள் உங்கள் படத்தை எடுக்கத்தான் கையை நீட்டியிருக்கிறாள். நைலான் திரை உருகி அவள் வலது கையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. குமரன் குளியலறையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். உங்கள் படம் தப்பித்தது. உங்கள் மகளின் கை தப்பிக்கவில்லை.

அவள் வேலை தெரியும் உங்களுக்கு. எலக்ட்ரானிக் பேக்டரியில் பூதக்கண்ணாடிக்குக் கீழே கடுகளவு சில்லை இடுக்கியால் எடுத்து வைக்கிற வேலை. வலது கை இல்லாமல் அங்கே என்ன செய்வாள்? லீவு போட்டுவிட்டு இங்கே என்னோடு தங்கினாள். கிளினிக்கில் கட்டுப் போட்டு அனுப்புவார்கள், நடுவில் நான் வீட்டில் கட்டு மாற்றுவேன். அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன், தலை பின்னிவிட்டேன். என் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. “அப்பாவ நெனச்சி நின்னுட்டீங்க, விடுங்க மா,” என்றாள். அந்தப் பேச்சு என்னைத் தின்றது.

ஒரு நாள் கட்டு மாற்றும்போது கேட்டாள். “அம்மா, நாத்தம் அடிக்குதா பாருங்க. எனக்கு இந்த மருந்து வாடையில ஒன்னும் தெரியல.”

நான் குனிந்து அவள் விரல்கள் கிட்டே மூக்கை வைத்தேன். கிராம்பு வந்தது, எலுமிச்சை வந்தது என்று மாசக்கணக்காகச் சொல்லியிருக்கிறேனே. அவள் என் மூக்கைத்தான் நம்பிக் கேட்கிறாள். இப்போது தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

“ஒன்னும் இல்ல லா. நல்லாத்தான் இருக்கு.”

இரண்டு நாள் கழித்துக் குமரன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் சுளித்தார். “அத்தை, என்ன இது, உள்ள எதுவும் செத்துக் கிடக்குதா?” அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சீழ் உள்ளே இறங்கிவிட்டது. விரலை எடுக்கும்படி ஆகவில்லை, மாரியம்மன் புண்ணியம். சுண்டு விரல் மட்டும் இன்னும் மடங்குவதில்லை.

அதோடு இன்னொன்றும் நடந்தது. தீக்குப் பிறகு வீடு முழுக்கப் புகை நாற்றம் என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். சுவரைக் கழுவி, வெள்ளையடித்தும் போகவில்லையாம். எனக்கு ஒன்றும் வரவில்லை. நீங்களும் வரவில்லை. நாலு மணிக்கு உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். நிஜப் புகை இருக்கிற வீட்டில் உங்களுக்கு இடமில்லையா? அல்லது நடந்ததைப் பார்த்து வெட்கப்பட்டு வெளியே நின்றுவிட்டீர்களா?

செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலை நீங்கள் திரும்பி வந்தீர்கள். அதே நாலு மணி, அதே வலது பக்கம். அவள் உள்ளே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், நாற்காலியைப் பார்த்தேன். எழுந்து போய் மேசை இழுப்பைத் திறந்தேன்.

தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, உப்புப் பொட்டலத்தைக் கலந்து, கிண்ணியின் முன்னால் குனிந்தேன். கை நடுங்கியது. அதுவரைக்கும் நீங்கள் என் காதோரம்தான் நின்றிருந்தீர்கள். உங்கள் உடம்பைக் கழுவ என்னை விட்டார்களா? ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற விட்டார்களா? இப்போதுதான் ஊற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வலது மூக்கில் விட்டேன். எரிந்தது. இருமல் வந்தது. நிமிர்ந்தபோது நீங்கள் இல்லை.

அன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை. காலையும் மாலையும் நாலு போத்தல், நாலு மணிக்கு உப்புத்தண்ணி. முதலில் நீங்கள் தினமும் வந்தீர்கள். பிறகு வாரத்தில் இரண்டு நாள். பிறகு வந்தாலும் கேட்டுக்கு வெளியே நிற்கிற தூரத்தில். கடைசியாக வந்த நாளில், அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியாது, கிண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு பாங்கு முடியும் வரை ஊற்றாமலே இருந்தேன். அந்த ஒரு நாள் எனக்காக.

முதலில் நிஜமாகத் திரும்பி வந்தது என்ன தெரியுமா? ரோஜாவும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. உறைந்து புளித்த ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லாரி. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுகிற அந்த நாற்றம், மெயின் ரோட்டில் என்னைத் தாண்டிப் போனது. நான் நடுரோட்டில் நின்று ஆசை ஆசையாக இழுத்தேன். பின்னால் மோட்டாரில் வந்த பையன், “ஆன்ட்டி, ஓக்கேயா?” என்று கேட்டான். ஓக்கே என்று சொல்லிவிட்டு அழுதேன். அதற்குப் பிறகு கிராம்பு நிஜமாகவே வந்தது. மற்றதெல்லாம் கோணல்மாணலாக வந்தது. கோப்பி அழுகின வாடை அடித்தது, மீன் எரிந்த பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. மாசம் போகப் போக ஒவ்வொன்றாக நேராகிக்கொண்டு வருகிறது. எல்லாப் பொய்யையும் செல்வியிடம் ஒப்புக்கொண்டேன். கதவில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன்.

போன சனிக்கிழமை செல்வி வந்தாள். இரண்டு வாரமாகச் சளியும் காய்ச்சலும் என்றாள், மெலிந்திருந்தாள். காடியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அம்மா, புகை வாசம் வருது.”

எனக்கு அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வந்தது. அடுப்பில் ரசத்தின் பூண்டு வந்தது. நனைந்த சிமெண்டு வந்தது. புகை வரவில்லை. இந்தத் தடவை நான் ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. அடுப்பு, கேஸ் குழாய், சாமி விளக்கு, ஒவ்வொரு சுவிட்சு, பின்வாசல், பக்கத்து வீடு, எல்லாம் ஓடி ஓடிப் பார்த்தேன். எங்கேயும் எதுவும் எரியவில்லை. என் கண்ணும் எரியவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு அடித்து ஐந்து நிமிஷம்.

“எந்தப் பக்கம் வருது?”

“இந்தப் பக்கம்.” வலது பக்கம்.

“அடைச்சிப் பாரு.”

மடங்காத அந்தச் சுண்டு விரலால் வலது மூக்கை அடைத்தாள். “நின்னுருச்சி மா.” விரலை எடுத்தாள். “தோ, வருது.” மறுபடி அடைத்தாள், மறுபடி எடுத்தாள். சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள். அவள் முகத்தில் துளிப் பயமும் இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. மெதுவாகத் திரும்பி உங்கள் நாற்காலியைப் பார்த்தாள்.

“அப்பாவுக்குத் தண்ணி கலக்கவா மா? பால் கூடுதலா?”

நான் உங்களுக்குத் தண்ணி கலக்கி வைத்ததை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வேறு யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் சொன்னீர்களா?

அவளுக்கும் காய்ச்சல் வந்தது, அவள் நரம்பும் அடிபட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்குப் பால் கூடுதல் என்று மகளுக்குத் தெரியாதா என்றும் நினைத்துக்கொள்கிறேன். நினைத்து நினைத்து மூன்று நாளாகத் தூக்கமில்லை. ஏனென்றால் அந்த முகம் எனக்குத் தெரியும். தலை வாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு நாற்காலிக்கு எதிரே உட்காரப் போகிற முகம் அது. ஒரு நாள் நிஜமாகவே எரியும்போது கதவில் சாய்ந்து நிற்கப் போகிற முகம். அந்தக் கதவைத் திறக்க அவளுக்கு ஒரு மகள்கூட இல்லை.

அதனால் இந்தத் தீபாவளிக்கு நான் செய்யப் போவதைச் சொல்லிவிடுகிறேன். படையல் உண்டு. இந்தத் தடவை கறியின் பதத்தை நானே முகர்ந்து பார்ப்பேன், உப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் கதவைச் சாத்த மாட்டேன். நாங்கள் மூன்று பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். ஆள் இருந்தால் சாப்பிடக் கூச்சமென்றால் சொல்லுங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். எனக்கு முன்னால் சாப்பிட உங்களுக்கு என்ன வெட்கம்?

நாளைக் காலையில் செல்வியை அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். வர மாட்டேன், எனக்கு ஒன்றுமில்லை என்கிறாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். போகிற வழியில் கதவில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தையும் சொல்லிவிடுவேன். என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, சொன்னால்தான் அவளுக்குப் பயம் வரும்.

உங்களுக்கு வர வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள். வயசானவள், காத்துக்கொண்டுதான் இருக்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டேன். அவளிடம் வேண்டாம். அதையும் மீறி நாலு மணிக்கு அவள் பக்கத்தில் போய் நின்றீர்கள் என்றால், தண்ணீரைக் காய்ச்சி, உப்புக் கலந்து, அவள் தலையைப் பிடித்துக் குனியவைத்து, என் கையாலேயே ஊற்றுவேன். இது சத்தியம். உங்களை ஒரு தடவை கழுவினவள்தான் நான். இரண்டாம் தடவை கை நடுங்காது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி, ஆனால் அதற்கு முன்னால்
செல்வியின் அம்மா